மடக்குக் கரண்டியிலிருந்து இறங்கிய கொடி

குருவிக்கரட்டில் இன்றைக்கும் ஒரு பிள்ளையின் வயதைக் கேட்டால், கொடி ஏறுவதற்கு முன்னால் பிறந்ததா பின்னால் பிறந்ததா என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள், வேறு ஊர்களில் பெருமழையையோ தேர்தலையோ வைத்துச் சொல்வதுபோல. ஆனால் கொடி எப்படி ஏறியது என்று கேட்டால் மட்டும், அதிலென்ன இருக்கிறது, கொடி என்றால் ஏறத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். திராட்சைக்காரர்களின் ஊர் அது. கரட்டின் அடிவாரத்திலிருந்து வாய்க்கால் வரைக்கும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களாகவே கிடக்கும். நடை பழகும் பிள்ளை அங்கே பந்தல் கல்லைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கும், கோபித்துக்கொண்ட மருமகள் பந்தலுக்கடியில்தான் போய் உட்கார்ந்திருப்பாள், செத்தவனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் பந்தல் நிழலில் ஒருமுறை தோள் மாற்றிக்கொண்டுதான் போவார்கள். கொடியின் குணம் தெரியாத ஆள் அந்த ஊரில் கிடையாது. அப்படிப்பட்ட ஊர்தான் பின்னால் அந்தப் பிழையைச் செய்தது.

கொடியை ஊருக்குள் கொண்டுவந்தவள் கிழக்குக் காலனி முத்திருளாயி. பந்தலுக்குச் சொந்தக்காரர்கள் மேலத்தெருவில் இருந்தார்கள், அந்தப் பந்தல்களில் நுனியறுத்துக் கவாத்து வெட்டிக் கொடிகளைக் காய்ப்புக்குக் கொண்டுவருகிறவர்கள் காலனியில் இருந்தார்கள். முத்திருளாயியும் புருஷன் சாகும்வரைக்கும் கவாத்துக் கத்திரி பிடித்தவள்தான். பிறகு குவைத்துக்குப் போய் ஒரு பெரிய வீட்டில் தலை நரைக்கும்வரை சமைத்துவிட்டுத் திரும்பியபோது, தம்பி மொக்கராசுவுக்கு ஒரு கைக்கடிகாரம், அவன் பெண்டாட்டி பேச்சிக்கு ஒரு கம்பளி, இவை போக, தனக்கென்று ஒரே ஒரு சாமான் கொண்டுவந்திருந்தாள்.

தோல் உறைக்குள் மூன்று உருப்படிகள்: ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி, ஒரு கரண்டி. மூன்றும் பழைய வெள்ளி, மூன்றும் நடுவில் மடங்குபவை, மடக்கினால் விரல் நீளத்துக்கு மேல் இராது. யாரோ ஒரு காலத்தில், அடுத்தவர் வீட்டுக் கரண்டிக்குக் காத்திருக்காமல், தன் வாய்க்கு உண்டானதைத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போன ஒருவருக்காகச் செய்தது. கைப்பிடி முழுக்க ஒரு திராட்சைக் கொடி செதுக்கியிருந்தது. தலைமுடி பருமனில் தண்டு, நரம்பு தெரியும் இலைகள், பிடிமானம் தேடும் சுருள்கள், நுனியில் மிளகைவிடச் சின்னதாக ஒரு குலை. செதுக்கியவன் கொடியை மடக்கும் இடத்தோடு நிறுத்தாமல் அதைத் தாண்டியும் இழுத்திருந்தான், அதனால் மடக்கி வைத்தால் அறுபட்டுக் கிடக்கும் தண்டு, டக்கென்று திறந்தால் கணுவோடு கணு பொருந்தி ஒரே கொடியாகிவிடும். குவைத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய கடிகாரங்களுக்கும் கைகால் இல்லாத பொம்மைகளுக்கும் நடுவில் அதைப் பார்த்தவள், திறந்தாள், மூடினாள், திறந்தாள், தன் கைச்சம்பளத்தில் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெரிய வீட்டிலும் அவளுக்கென்று ஒரு தட்டு தனியாக, துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் இருந்தது. அந்தத் தட்டில் சோறு போட்டு, இந்த வெள்ளிக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாள்.

எந்தத் துரை கொடுத்தான் என்று மேலத்தெருவில் கேட்டார்கள். எந்த வீட்டில் எடுத்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. எல்லோருக்கும் அவள் சொன்னது ஒரே சொல்தான்: வாங்கினேன்.

ஊரின் ஒரே டீக்கடை பால்ச்சாமியுடையது. பால்ச்சாமி கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக டீ கொடுத்து அனுப்புகிறவன், காலனிக்காரர்களையும் வாங்க என்றுதான் கூப்பிடுவான். அவன் அப்பா காலத்தில் காலனிக்கென்று ஓட்டைத் தகர டம்ளர்கள் ஆணியில் தொங்கின. பால்ச்சாமி அதையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு, நாகரிகமாக, காலனிக்குப் பேப்பர் கப் என்று வைத்துவிட்டான். மேலத்தெருவுக்குக் கண்ணாடி கிளாஸ். கேட்டால் சுகாதாரம் என்பான். மேலத்தெருவுக்கு மட்டும் எதற்குச் சுகாதாரம் வேண்டாம் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

முத்திருளாயி வந்த மறுநாள், கடையில் கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய், பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். பால்ச்சாமி அவளைச் சுகம் விசாரித்தான், வெயில் அங்கே அதிகமா இங்கே அதிகமா என்று கேட்டான், பேப்பர் கப்பை நீட்டினான்.

"கிளாஸ்ல குடு, பால்ச்சாமி."

ஒரே வயதுக்காரர்கள்தான்; ஆனால் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவன் பிறந்ததிலிருந்து, அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"கிளாஸு இன்னும் கழுவல ஆத்தா. இதுதான் சுத்தம். வெளிநாட்டுலெல்லாம் இதுலதான குடிக்கிறாக?"

"அங்க கழுவுனதே நாந்தான். எது சுத்தம்னு எனக்குத் தெரியும்."

எழுந்து தட்டத்திலிருந்து ஒரு கிளாஸைத் தானே எடுத்தாள், பேப்பர் கப்பிலிருந்த டீயை அதில் ஊற்றினாள், உறையிலிருந்து கரண்டியை எடுத்து டக்கென்று திறந்து, சீனி போட்டு, கண்ணாடியில் வெள்ளி மோதும் சத்தம் கடை முழுக்கக் கேட்கும்படி நிதானமாகக் கலக்கினாள். குடித்தாள், காசை வைத்தாள், கிளாஸைக் கழுவின கிளாஸ்களோடு கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஒரு கிளாஸை மட்டும் எடுத்து வாய்க்காலில் வீசிவிடலாம் என்றுதான் பால்ச்சாமி நினைத்தான், பெஞ்சிலிருந்தவர்களும் அதையே கண்ணால் சொன்னார்கள். எடுக்கப் போனால், அந்தக் கிளாஸின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடாக ஒரு திராட்சைக் கொடி ஏறியிருந்தது. பக்கத்துக் கிளாஸிலும் ஏறியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கடுத்ததில் ஓர் இலை விரிந்தது. எது அவள் குடித்தது, எது குடிக்காதது என்று அவனால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எல்லாம் ஒன்றுபோலவே அவள் குடித்தவையாக இருந்தன.

பழைய கிளாஸ்களை உடைத்துப் போட்டுப் புதிது வாங்கி வந்தான், மத்தியானத்துக்குள் அதிலும் கொடி. கோபத்தில் எல்லோருக்குமே பேப்பர் கப் கொடுத்தான், அதிலும் கொடி, போதாததற்கு மேலத்தெருக்காரர்கள் எங்களுக்கா பேப்பர் கப் என்று சண்டைக்கு வந்தார்கள். கடையிலிருந்து டீ வாங்கிப் போன தூக்குவாளிகள் வழியாகக் கொடி வீடுகளுக்குள் போனது. தூக்குவாளியிலிருந்து சொம்புக்கு, சொம்பிலிருந்து குடத்துக்கு, குடத்திலிருந்து சீர்வரிசைப் பாத்திரங்கள் அடுக்கிய பரணுக்கு. முதல் சில நாள் பெண்கள் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தார்கள், அதில் கொடி இன்னும் பளிச்சென்றானது. பிறகு பழகிவிட்டது. இது கொட்டையுள்ள ரகமா கொட்டையில்லாத ரகமா என்று ஆண்கள் வாதாடினார்கள். இலையின் பல்லைப் பார்த்துவிட்டு நம் மண்ணுக்கு இது வராது என்று ஒருவர் சொன்னார், வந்துவிட்ட பிறகு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு, எந்தக் கடை என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சங்கடம் வேறிடத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் பேர் வெட்டாத பாத்திரம் பாத்திரமே இல்லை; எவர்சில்வர் வாங்கினால் டவுன் பாத்திரக்கடையிலேயே காஜாமைதீன் ஒரு குட்டி மிஷினை ஓட்டிப் புள்ளி புள்ளியாக இனிஷியலும் பேரும் தேதியும் வெட்டிக் கொடுத்தால்தான் வீட்டுக்கு எடுத்துவருவார்கள். விசேஷத்துக்கு இரவல் போன அண்டாவும் வாளியும் பேரைப் பார்த்துத்தான் வீடு திரும்பும். கொடிக்குப் படரப் பிடிமானம் வேண்டுமே, அது அந்தப் பேர்களின் புள்ளிகளைத்தான் பிடித்துக்கொண்டு ஏறியது. புள்ளிக்குப் புள்ளி கணு வைத்தது, இனிஷியலின் மேல் இலை விட்டது, அன்பளிப்பு என்ற சொல்லைச் சுருள்களால் சுற்றித் தின்றுவிட்டது. மாமியார் பேர் அழிந்ததென்று உள்ளூரச் சிரித்த மருமகள்களும் இருந்தார்கள், செத்துப்போன அப்பாவின் பேரைக் கொடிக்கடியில் விரலால் தடவித் தேடி அழுத பெண்களும் இருந்தார்கள். வாடகைப் பாத்திரக் கடையில் காலனி விசேஷங்களுக்கென்று மூடிக்கடியில் சிவப்புப் பெயிண்ட் வைத்து ஒதுக்கியிருந்த அண்டாக்கள் உண்டு, பெயிண்டும் போனது. ஒரே முகூர்த்தத்தில் மேலத்தெருவில் ஒரு கல்யாணமும் காலனியில் ஒரு காதுகுத்தும் நடந்து முடிந்த பிறகுதான், யார் எந்த அண்டாவில் ஆக்கித் தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பது ஊருக்கு உறைத்தது.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஊரிலேயே பெரிய பந்தலுக்குச் சொந்தக்காரரான சிவனாண்டிதான் பேசினார், அவர் பேசினால் ஊர் பேசின மாதிரி. அவர் அதட்டவில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணிடம் பேசுவதுபோலத்தான் பேசினார்.

"ஒரு கரண்டிதான ஆத்தா. குடுத்துரு. உருக்கி அம்மனுக்குக் கண்மலர் செஞ்சு சாத்துவோம். உன் பேர்லயே சாத்துவோம். இந்த ஊர்ல உங்க தெருவுல யாருக்கு அந்தக் குடுப்பினை இருந்திருக்கு, சொல்லு?"

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த முத்திருளாயி தோல் உறையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"அம்மனுக்குக் கண்ணு இருக்குங்கய்யா. இம்புட்டு நாளாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கு. இது நான் திங்கறதுக்கு வாங்குனது."

அதற்குமேல் சிவனாண்டி தன்மையாகப் பேசவில்லை. வெள்ளி வந்து சேரும்வரை காலனியிலிருந்து ஒருவரையும் கவாத்துக்குக் கூப்பிடுவதில்லை என்று அங்கேயே முடிவானது. கத்திரி வைக்க வேண்டிய பருவம் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது, காலனியில் அடுப்பெரிவது அந்தக் கத்திரியால்தான்.

மறுநாள் சாயங்காலம் பேச்சி ஒரு கிண்ணத்தில் கேப்பைக் கூழை எடுத்துக்கொண்டு முத்திருளாயியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். காலனிப் பெண்கள் அவளை முன்னால் அனுப்பிவிட்டு வாசலில் நின்றார்கள்.

"மதினி, ஒம் மானம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு கரண்டிக்காகத் தெருவே பட்டினி கெடக்கணுமா? ஒந் தம்பி ராத்திரியெல்லாம் கத்திரியத் தீட்டித் தீட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காக. பாக்கச் சகிக்கல."

முத்திருளாயி இடுப்பிலிருந்து உறையை எடுத்துப் பிரித்தாள். கரண்டியை எடுத்து அவள் கையில் வைத்தாள். பேச்சிக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், பல்லால் கடிக்கப் போனாள், பிறகு கட்டைவிரலை வைத்து அழுத்த, அது டக்கென்று நிமிர்ந்தது. கூழில் விட்டு ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய் எடுத்தாள். சின்ன வயதில் மேலத்தெரு வாசல்களில் நின்று, ஊற்றுகிறவரின் கை படாமல் குனிந்து, ஏந்திய உள்ளங்கையில் தண்ணீர் குடித்தவள் அவள். கிண்ணம் தீரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, அவசரப்படாமல், வெள்ளியால் சாப்பிட்டாள். புடவைத் தலைப்பால் கரண்டியைத் துடைத்து, மடக்கி, திருப்பிக் கொடுத்தாள்.

"குடுக்காத," என்றாள். வாசலில் நின்றவர்களைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பருவம் முழுக்கக் காலனி பக்கத்து மலைக்கு மிளகு பறிக்கவும், செங்கல் சூளைக்கும், எங்கெங்கோ வேலைக்குப் போனது. கஞ்சி மெலிந்தது, ஆனால் வெள்ளியைக் கொடுத்துவிடு என்று முத்திருளாயியிடம் அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

மேலத்தெரு அந்தப் பிழையைச் செய்தது அப்போதுதான். வெள்ளி வராது என்றானதும், பாத்திரங்களிலுள்ள கொடியையாவது எடுத்துவிடுவது என்று முடிவு செய்து காஜாமைதீனை வரவழைத்தார்கள். அவன் கோயில் முற்றத்தில் மிஷினோடு உட்கார, வீடு வீடாகப் பாத்திரங்கள் குன்றுபோல வந்து குவிந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, ஊசியைத் திருப்பிப் பிடித்து, இலைகளைச் சுரண்டினான், சுருள்களைச் சுரண்டினான், நுனிகளை அறுத்தான், தண்டில் ஒரு கணு இரண்டு கணுவோடு நிறுத்தினான், ஏனென்றால் தண்டுக்கடியில் பேர் இருந்தது, பேர் கெடக் கூடாதென்று மேலத்தெருவே சொல்லியிருந்தது. ஒரு கணு இரண்டு கணு விட்டு நுனியை அறுப்பதற்கு அந்த ஊரில் என்ன பேர் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் காஜாமைதீனுக்கு மாலை போட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முத்திருளாயியின் தம்பி மொக்கராசுதான், அருமையான கவாத்து, நான் வெட்டினால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது என்று தன் ஆட்களிடம் சொன்னான். காலனி சிரித்த சிரிப்பு மேலத்தெருவுக்குக் கேட்டது, காரணம் கேட்கவில்லை.

கவாத்து வெட்டிய கொடி சும்மா இருக்குமா? விட்டிருந்த ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டு தளிர், ஒவ்வொரு தளிரிலும் பூங்கொத்து. பாத்திரங்கள் போதாமல் கொடி கதவுத் தாழ்ப்பாளுக்குத் தாவியது, ஜன்னல் கம்பிக்கும் சைக்கிள் மட்கார்டுக்கும் தேங்காய் துருவிக்கும் பூட்டுக்கும் சாவிக்கும் ஏறியது, கோயில் மணியின் நாக்கைச் சுற்றிக்கொண்டது, மணி அடித்தால் இலைகள் உரசுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது. இந்த முறை அது காய்த்தது. குலை குலையாக, கனத்த குலைகள். சிவனாண்டி பேரன் பிறந்த செய்தி கேட்டுச் சிரித்தபோது, அவருடைய தங்கப்பல்லில் நரம்போடு கூடிய ஓர் இலை இருந்ததை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தார்.

இரண்டாவது கூட்டத்துக்கு முத்திருளாயியை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். இந்த முறை ஓரத்தில் நிற்காமல் நடுவில் வந்து, தோல் உறையைப் பிரித்து, மூன்று உருப்படிகளையும் திறந்து சிவனாண்டியின் காலடியில் அல்ல, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கைப்பிடிகள் மூன்றும் வழவழவென்று வெறுமையாக இருந்தன. ஓர் இலை இல்லை, ஒரு சுருள் இல்லை, செதுக்கிய தடம்கூட இல்லை.

"உருக்கணும்னா உருக்குங்க. ஆனா கொடி இதுல இல்ல. உங்க வீட்டுல இருக்கு. அதையும் உருக்குறதுன்னா எல்லாரும் கொண்டாந்து போடுங்க, கடைசியா நான் போடுறேன்."

யாரும் எதையும் கொண்டுவந்து போடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் நேராகப் பஸ் ஏறிக் காஜாமைதீன் கடைக்குப் போனாள். என்ன இனிஷியல் போட என்று அவன் கேட்டான். அப்பா இனிஷியலா, புருஷன் இனிஷியலா என்று திரும்பவும் கேட்டான். ஒன்றும் வேண்டாம், பேர் மட்டும் போடு என்றாள். வெறும் வெள்ளியில் மூன்று முறை முத்திருளாயி, முத்திருளாயி, முத்திருளாயி என்று வெட்டிக் கொடுத்தான். குருவிக்கரட்டில் அன்றைக்கு ஒரு பாத்திரத்தில்கூட ஒரு பேரையும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாது. அந்த மூன்றைத் தவிர.

இதற்குள் நிஜப் பந்தல்கள் கத்திரி படாமல் காடாகிக் கிடந்தன. சிவனாண்டி தும்மனம்பட்டியிலிருந்து கவாத்துக்கு ஆள் வரவழைத்தார். வந்தவர்கள் மேலத்தெருவின் சாதிசனம்தான், உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள்தான். ஆனால் மத்தியானத்தில் குடத்தைக் கொண்டுவந்து வைத்ததும், கொடியைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேண்டாம் மாமா, பாட்டில் இருக்கிறது என்று ரொம்பப் பணிவாகச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கும் பணிவாக வேண்டாம் என்றார்கள். யார் எதில் தின்றார்கள் என்றே தெரியாத ஊர் என்று அவர்கள் ஊரில் பேச்சிருந்தது. மறுநாள் அவர்கள் வரவில்லை. அவர்களைச் சமாதானப்படுத்திக் கூட்டிவரலாம் என்று சிவனாண்டி தானே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தும்மனம்பட்டிக்குப் போனார். அங்கே டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்தார்கள், சுகம் விசாரித்தார்கள், மழை உண்டா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில் வந்தது. அவருக்கு மட்டும் பேப்பர் கப்.

அவர் அதைக் குடிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. என்னவென்று சண்டை போடுவது? கப் சுத்தமாகத்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டு எழுந்து, பஸ்ஸுக்கு நிற்காமல், வெயிலில் நடந்தே ஊருக்கு வந்தார். வழியிலிருந்த இரண்டு கடைகளிலும் கண்ணாடி கிளாஸ்கள் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் வந்தார்.

பால்ச்சாமியின் கடைக்கு அவர் வந்து சேர்ந்தபோது உதடு வெடித்திருந்தது. பெஞ்சின் நடுவில் முத்திருளாயி உட்கார்ந்திருந்தாள். தினமும் அந்த நேரத்துக்கு அங்கேதான் உட்காருகிறாள், தினமும் அவள் வந்ததும் சிலர் எழுந்து நிற்கிறார்கள், தினமும் எழுந்து நிற்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சிவனாண்டி நின்றார். கொஞ்சம் தள்ளி உட்கார் என்பதுபோலக் கையை ஆட்டினார்.

"அந்தப் பக்கமும் எடமிருக்கு, இந்தப் பக்கமும் எடமிருக்குங்கய்யா," என்றாள் அவள். "நான் தள்ள மாட்டேன்."

பால்ச்சாமி ஒரு கையில் டீயோடு நின்றான். நடந்தது முழுவதும் அவருக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துசேர்ந்திருந்தது, அவனுக்கும் தெரிந்திருந்தது. எதில் ஊற்றுவது என்று பேப்பர் கப் அடுக்கையும் கொடி படர்ந்த கிளாஸ்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

முத்திருளாயி தன் பேர் வெட்டிய கரண்டியை டக்கென்று திறந்து, தன் டீயைக் கலக்கத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"பால்ச்சாமி, அவருக்குக் கிளாஸ்லயே குடு."